பர்ஜஸ் கை எடுக்கும்வரை

1

"கையை எடுத்துட்டியா அண்ணே?"

"எடுக்கலடா. தண்ணி குடிக்கத் தூக்கினேன்."

"தண்ணியா? எலும்போட சேத்துக் கடிக்கிற ஆளு நீ. நடுவுல தண்ணி குடிச்சு நான் பாத்ததே இல்லியே."

"இப்பப் பாத்துட்டல்ல? சாப்பிடு."

"எங்க சாப்பிடறது? நீ தூக்கினதப் பாத்து ஹமூத் மாமா எந்திரிச்சே போயிட்டார். கை கழுவுற சத்தம் கேக்குது பாரு."

"கூப்பிடு அவர."

"எப்படிக் கூப்பிட? சோப்புப் போட்டப்புறம் யாராவது சோத்துக்குத் திரும்பி வருவாங்களா?"

இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஆனால் கதை எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பசியிலிருந்து வந்தது. பர்ஜஸின் பசி இல்லை, என்னுடையது. குவைத்தில், ஃபைஹாவில் இருக்கும் அந்த வீட்டில், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து விரிப்பைச் சுற்றி உட்கார்ந்த பத்துப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். என் முன்னால் ஆட்டுத்தொடை ஒன்று சோற்றின் மேல் ஆவி பறக்கக் கிடந்தது. அதில் இரண்டு வாய்தான் எடுத்திருந்தேன். அப்போது பர்ஜஸுக்கும் அவன் தம்பிக்கும் இடையே மேலே உள்ள பேச்சு நடந்தது. பேச்சு முடிவதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டோம்.

அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. எல்லாரும் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனிலிருந்து மூத்தவர் கையை எடுத்தால் சாப்பாடு முடிந்தது. அதற்கு மேல் ஒருவன் சோற்றில் கை வைத்தால் மூத்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை; தூசிக்காற்று வந்தால் ஜன்னலைச் சாத்துவது மாதிரி, கைகள் தானாகச் செய்துவிடும். அவர்களுடைய அப்பா காலத்தில் இது ஒரு தொந்தரவாகவே இருந்ததில்லை. அவர் நிதானமாக, நெடுநேரம் சாப்பிடுவாராம். அவருக்குப் பிறகு மூத்த மகன் பர்ஜஸ். அவன் அப்பாவையே தோற்கடிப்பவன். அவன் உட்கார்ந்த விரிப்பிலிருந்து யாரும் பசியோடு எழுந்ததாகப் பேச்சே கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை வரை.

(அலுவலகத்தில் அவர் என் மேலதிகாரி. மகன் பெயரைச் சேர்த்து, பூ நவாஃப் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். ஆனால் கதைக்குள் வந்த பிறகு 'அவன்'தான். இல்லாவிட்டால் என்னால் அவன் வயிற்றுக்குள் நுழைய முடியாது.)

2

முதலில் ஆஸ்பத்திரியில்தான் தொடங்கினேன்.

"மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் பர்ஜஸ் முதலில் கேட்டது—"

[அடித்துவிட்டேன். அவன் எதையும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தான், மறுபடி தூங்கிவிட்டான்.]

பிறகு கடற்கரையில் தொடங்கிப் பார்த்தேன்.

"வளைகுடாவின் மேல் தூசி மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், தன் இரைப்பையின் முக்கால் பாகத்தை இழந்த ஒரு மனிதன்—"

[இதுவும் வேண்டாம். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து பனியை எடுத்துவிட்டுத் தூசியைப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.]

சாதாரணமாகவே சொல்கிறேன். பர்ஜஸ் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டான். இந்த ஊரில் அது பல் பிடுங்குவது மாதிரி ஆகிவிட்ட சங்கதி. அக்காவும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு போய், அடுத்தடுத்த கட்டிலில் படுத்துவிட்டு வருகிறார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பர்ஜஸ் ஒளித்தான். பித்தப்பையில் கல் என்று எல்லாரிடமும் சொன்னான். மனைவி ஹெஸ்ஸா ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும்.

காரணம், தாமிர்.

தாமிர் அவனுக்கு நேர் இளைய தம்பி. அண்ணனைவிடக் கனம். சர்க்கரை வேறு, தினமும் இன்சுலின் ஊசி. முந்தைய குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் போட்டிருந்தபோது, உறவுக்காரர்கள் எல்லாரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அவன்தான் இந்தப் பேச்சை முதலில் எடுத்தான்.

"நான் அந்த ஆபரேஷனைப் பண்ணிக்கலாம்னு இருக்கேன் அண்ணே. டாக்டரும் சொல்லிட்டார்."

"எது? பொம்பளைங்க கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணிக்கிறாங்களே, அதா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"சர்க்கரைக்கும் நல்லதாம்."

"தாமிரு, வாய் உன்னுது. கையும் உன்னுது. ரெண்டையும் உன்னால அடக்க முடியல, அதுக்காகக் கத்தி வெச்சிருக்கற ஒருத்தன்கிட்டப் போய் வயித்தக் குடுக்கப் போறியா? ஆம்பளைன்னா வாய மூடணும்னு நெனச்சா மூடுவான்."

தாமிரும் சேர்ந்து சிரித்தான். அதோடு பேச்சை விட்டான். டாக்டரையும் விட்டான்.

கோடை வந்தபோது பர்ஜஸுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. ஹெஸ்ஸா பயந்துபோய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கத்தி வைத்திருக்கிற ஒருவரிடம் அவனே போய் வயிற்றைக் கொடுத்துவிட்டு வந்தான். ஆள் இளைத்துக்கொண்டே போனதைப் பார்த்து, எப்படி என்று கேட்டார்கள். "வாய மூடினேன்," என்றான்.

யோசித்துச் சொன்னதில்லை. அவசரத்துக்குக் கையில் கிடைத்த பதில். ஆனால் அதன் பிறகு அவனைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. மாப்பிள்ளைகள், மச்சான்கள் எல்லாம் வந்து யோசனை கேட்டார்கள். எல்லாரையும்விட அதிகமாக, போகிற இடமெல்லாம் அண்ணனின் மன உறுதியைப் பற்றித் தம்பி தாமிர் பேசினான்.

3

இப்போது பசியை எழுத வேண்டும். இதுதான் எனக்கு வராத பகுதி. என் இரைப்பை முழுசாக இருக்கிறது.

அலுவலகத்தில் ஒருநாள் தேநீர் போடும் அறையில் அவர் நின்றுகொண்டே தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காபி கலக்கும் குட்டிக் கரண்டியால்.

"என்ன பூ நவாஃப், டயட்டா?"

"கதவச் சாத்து."

சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னார். வீட்டு ஆளிடம் சொல்ல முடியாததை வெளி ஆளிடம் சொல்லும் சுகம் அவர் முகத்தில் தெரிந்தது. சொல்லி முடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீ கதை கிதை எழுதுவியாமே?"

"தமிழ்ல எழுதுவேன்."

"தமிழ எங்க வீட்ல யாருப்பா படிக்கப் போறா? எழுதிக்கோ. பேர மட்டும் மாத்திடு."

மாற்றிவிட்டேன்.*

* பர்ஜஸ் என்பது அவரே தேர்ந்தெடுத்த பெயர். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் தன்னைத் தோற்கடித்த ஓர் ஒல்லிப் பையனின் பெயராம்.

அவர் சொன்னதன்படி, முதல் சில மாதங்கள் பசியே இல்லை. "வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை யாரோ கழற்றி எடுத்தது போல" என்று எழுதியிருந்தேன். அது என் உவமை. அவர் சொன்னது இதுதான்: "காலைல எந்திரிச்சா, எதுக்கு எந்திரிச்சோம்னே தெரியல."

அரபுக் காபியான காவா குடிக்கிற சின்னக் கிண்ணத்தில் ஹெஸ்ஸா கறிச்சாறு கொண்டுவந்து நீட்டுவாள்.

"குடிங்க."

"பசிக்கல."

"பசிக்கா குடுக்கறேன்? உயிரோட இருக்கறதுக்குக் குடுக்கறேன். அந்த மூஞ்சிய அப்புறம் தூக்கி வெச்சுக்கலாம், இப்பக் குடிங்க."

பிறகு வேறொன்று வந்தது. வயிற்றில் வரவில்லை. தாடை இரண்டும் சேருகிற இடத்தில், நாக்கின் அடியில், விரல் நுனியில் வந்தது. பர்ஜஸ் காரை எடுத்துக்கொண்டு முபாரக்கியா சந்தைக்குப் போய், கறி சுடுகிற கடைகளின் புகைக்குள் நிற்பான். எதுவும் வாங்க மாட்டான். துணியில் அந்த வாசனையோடு வீட்டுக்கு வருவான். ஹெஸ்ஸா முகர்ந்து பார்த்துவிட்டு, வேறொருத்தியின் அத்தர் வாசனையைப் பிடித்த மாதிரி பார்ப்பாள்.

"பசின்னா கதவத் தட்டும்ப்பா. குடுத்தா வாங்கிட்டுப் போயிடும்," என்றார் என்னிடம். "இது தட்டறதில்ல. உள்ளயே உக்காந்திருக்கு."

எல்லாவற்றையும்விட அவன் ஏங்கியது காந்தலுக்கு. மஜ்பூஸ் என்கிற கறிச்சோறு ஆக்கிய பானையின் அடியில், நெய்யும் கறிச்சாறும் ஊறி, பொன்னுக்கும் கறுப்புக்கும் நடுவில் நிற்கும் சோறு. அவர்கள் அதை ஹகாகா என்பார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. மெத்தென்ற சோறு மூன்று வாய் போனால் நெஞ்சுக்குள் கல்லாக நின்றுகொள்ளும். கல் மாதிரி இருக்கும் காந்தல், தூளாக மென்றுவிட்டால் தடையில்லாமல் இறங்கும். இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் டாக்டர் அதைத் தொடவே கூடாது என்றிருந்தார். ஹெஸ்ஸா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு துண்டு, ஒரே துண்டு, எடுத்து வைப்பாள். மருந்து கொடுப்பவள் போல உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பானையைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவாள்.

4

விருந்தாளிகளைப் பட்டினியாக எழுப்பிவிட்ட அந்த முதல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, பர்ஜஸ் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். கையை எடுக்காமலே இருப்பது.

வயிறு நிறைந்தால் அவனுக்குத் தும்மல் வரும். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கு அப்படித்தானாம், சிலருக்கு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர். மூன்றாவது வாயில் தும்முவான். சுற்றியிருப்பவர்கள் அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும் என்பார்கள். அவன் சாப்பாடு அத்தோடு முடிந்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது. கை மட்டும் சஹனிலேயே கிடக்கும். சோற்றை உருட்டும், அவிழ்க்கும். கறியைப் பிய்க்கும். பிய்த்ததை வலது பக்கம் ஹமூத் மாமாவின் முன்னால் வைக்கும், எதிரில் எனக்குத் தள்ளும். எல்லாவற்றிலும் கொழுத்த துண்டு இடது பக்கம் தாமிருக்குப் போகும். வீட்டுக்காரன் பிய்த்து வைப்பது அங்கே மரியாதை. வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதைக்குறைவு.

"போதும் அண்ணே. மூச்சு முட்டுது."

"இது கழுத்துக்கறிடா. இதையா வேணாங்கற?"

"நீ தின்னு."

"நான் தின்னுட்டுத்தான இருக்கேன்."

தாமிர் திரும்பி அண்ணனைப் பார்த்தான். கை அசைந்துகொண்டிருந்தது. வெறும் வாயும் அசைந்துகொண்டிருந்தது.

"பாருங்க எங்க அண்ணன!" என்றான் எல்லாரிடமும். "கடைசி ஆள் எந்திரிக்கிற வரைக்கும் கைய எடுக்கறதில்ல. ஆனா ஒடம்பப் பாருங்க. நான் பக்கத்துலயே உக்காந்து அதே கறியத்தான் திங்கறேன், யானை மாதிரி ஆயிட்டிருக்கேன். எல்லாம் மனசுய்யா, மனசு."

"இவன் மனசும் நல்ல மனசுதான்," என்றார் ஹமூத் மாமா. "கறிக்கு எடம் குடுக்குதே!"

இந்த இடத்தில் பர்ஜஸ் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. வழக்கத்தைக் காப்பாற்றத்தான் கை அசைந்ததா? எழுத உட்காருவதற்கு முன்பு ஒருநாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "தாமிர் மெல்லறப்போ பாத்துட்டே இருந்தா, என் வாய்ல ருசி தெரியுதுப்பா. கொழுப்பு உருகறதுகூடத் தெரியுது." நானும் சிரித்தேன். எழுதிப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. டாக்டர் வெட்டி எடுத்த பசி எங்கும் போய்விடவில்லை. விரிப்பில் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, தாமிரின் வாயால் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இது பர்ஜஸுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்று ஒரு முறை எழுதினேன். கதை படுத்துவிட்டது. தெரியும் என்று எழுதினேன். எனக்கு அவரோடு அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. இப்போதைக்கு, பாதி தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை நேரத்தில், பர்ஜஸுக்குத் தொலைபேசி வந்தது. தாமிரைச் சுகாதார நிலையத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். பர்ஜஸ் சாவியை என்னிடம் நீட்டினான்; காரை நான் ஓட்டினேன்.

தாமிர் கட்டிலில் உட்கார்ந்து, குழந்தைகள் குடிக்கும் ஆரஞ்சுச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான். சட்டையில்லாமல், வேர்த்து, பெரிய உடம்போடு, மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன் மாதிரி சிரித்தான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணுமில்லண்ணே. ஊசியப் போட்டேன், சோத்தப் போடல."

"எவன்டா உன்னப் பட்டினி கெடக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வெள்ளிக்கிழமை தவிர மத்த நாளெல்லாம் நீ இருக்கல்ல, மாசக்கணக்கா? மூணு நாளாவது இருந்து பாக்கலாம்னு ஆரம்பிச்சேன்."

பர்ஜஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ரவுண்டானா கிட்ட வந்தப்போ கண்ணு இருட்டிடுச்சு. முன்னாடி ஸ்கூல் பஸ். பின் சீட்ல புள்ளைங்க எனக்குக் கை ஆட்டுதுங்க. எனக்கு பிரேக் எந்தக் கால்னே தெரியல." சாற்றை உறிஞ்சினான். காலி டப்பா சத்தம் போட்டது. "எப்படி நின்னுச்சுன்னு தெரியல. நடைபாதைல ஏறி நின்னுடுச்சு."

உள்ளே வந்த டாக்டரம்மா, இனி ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கக் கூடாது, அடுத்த முறை நடைபாதை இருக்காது என்றார். தாமிர் சரி சரி என்று தலையாட்டினான். அவர் வெளியே போனதும் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"இவங்களுக்கு என்ன தெரியும்? எங்க வீட்லயே ஆளு இருக்கு."

திரும்பும்போது காரில் பர்ஜஸ் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "வெள்ளிக்கிழமை சொல்லிடறேன்."

6

இந்த வெள்ளிக்கிழமையைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் பர்ஜஸ் விரிப்பில் எல்லார் முன்னாலும் கையை எடுக்கிறான். சட்டையைத் தூக்கி வயிற்றில் உள்ள தழும்புகளைக் காட்டுகிறான். தாமிர் அழுகிறான், அண்ணனும் அழுகிறான், ஹமூத் மாமா மூக்கைச் சிந்துகிறார். நான் படித்த ரஷ்ய நாவல்களில் மனிதர்கள் சூப்புத் தட்டின் முன்னால் இப்படித்தான் உண்மையைக் கொட்டிவிடுவார்கள். இங்கே கறி ஆறிவிடும், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் ஹெஸ்ஸா சொல்லிவிடுகிறாள். ஹெஸ்ஸாவை நான் பார்த்ததே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து, சோறு போதுமா என்று கேட்கும் குரலாகத்தான் தெரியும். அந்தக் குரலை எழுதிப் பார்த்தபோது அது சொன்னது: "நல்லா இருக்கே கதை! அவர் வாய்லேர்ந்து வந்தது, அவர் வாய்லேர்ந்துதான் போகணும். என் தலைல கட்டாதீங்க." அதற்கு மேல் அவளை வற்புறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை.

தாமிர் மறுபடி ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து, மறுபடி அந்த ரவுண்டானாவுக்கு வருகிற முடிவு ஒன்றும் உண்டு. அதை எழுதவில்லை. எழுத மாட்டேன். ஆனால் அது இந்தப் பக்கத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது, உங்களுக்கும் தெரிகிறது.

உண்மையில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த மௌனத்தை வைத்து நான் ஒரு முடிவு கட்டினால் அது என் இஷ்டத்துக்குத்தான் இருக்கும். அதனால் கடைசிக் காட்சியை, அது எந்த இடம் வரை எனக்குத் தெரிகிறதோ அந்த இடம் வரை எழுதுகிறேன். பர்ஜஸ் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

7

(அடுப்படிக்குள் வெளி ஆண்கள் போக முடியாது. ஆகவே இது முழுக்க என் கற்பனை.)

சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்ஸா உள்ளறையில் பெண்களோடு இருந்தாள். பர்ஜஸ் அடுப்படிக்குள் தனியாக வந்தான். தட்டில் அவனுக்கான ஒரு துண்டு இருந்தது. இதைத் தின்றுவிட்டுத் தாமிரை இங்கே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். தின்றான். பானை இன்னும் ஊறப் போடாமல் அடுப்பிலேயே இருந்தது. தட்டைக்கரண்டியால் இன்னும் கொஞ்சம் சுரண்டினான். சொல்ல வேண்டிய வார்த்தையைத் தேடிக்கொண்டே சுரண்டினான். முதல் வார்த்தை கிடைத்துவிட்டால் மற்றது வந்துவிடும் என்று தோன்றியது. வாய் நிறைந்துவிட்டது.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெண்கள் இருந்தால் விலகிக்கொள்ள நேரம் கொடுக்கிற செருமல்.

"யாரும் இருக்கீங்களா? தாமிரு வரேன்."

பதில் வராததால் உள்ளே வந்தான். அண்ணனைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான்.

பர்ஜஸால் விழுங்க முடியாது. தூளாகும்வரை மென்றுதான் ஆக வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சில் நின்றுவிடும். மென்றுகொண்டே தம்பியைப் பார்த்தான்.

"மறைக்காத, மறைக்காத," என்றான் தாமிர் தாழ்ந்த குரலில். கதவைப் பாதி சாத்தினான். "நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

குளிர்பெட்டியில் சாய்ந்துகொண்டான். அது லேசாகக் கிறீச்சிட்டது.

"ஒண்ணு சொல்லட்டுமா? இதப் பாத்ததுல எனக்கு சந்தோஷம்தான். இத்தன நாளா உனக்கு ஆசையே செத்துப்போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். ஆசை செத்தவன்கிட்ட நான் என்னத்தக் கத்துக்கறது? உனக்கும் என்ன மாதிரியே நாக்கு அலையுது. அதையும் வெச்சுக்கிட்டு நீ நிறுத்தற பாரு, அதான் எனக்கு வேணும்."

பர்ஜஸ் தலையை அசைத்தான். இல்லை என்றா, பொறு என்றா, தெரியவில்லை. தாடை வேகமாக அசைந்தது.

"மெதுவா, மெதுவா. அவசரமில்ல." தாமிர் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டான். "நாளைலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கப் போறேன் அண்ணே. டாக்டரம்மா கூடாதுங்கறாங்க. என் பொண்டாட்டி அழுவறா. யார் சொன்னாலும் நான் கேக்கப் போறதில்ல. நீ சொன்னாக் கேப்பேன்."

பர்ஜஸ் விழுங்கினான். வாய் காலியாகிவிட்டது.

தாமிர் ஒரு அடி முன்னால் வந்து, அண்ணன் கையிலிருந்த கரண்டியை வாங்கிப் பானைக்குள் வைத்தான்.

"எப்படி நிறுத்தறன்னு எனக்கும் சொல்லிக் குடு அண்ணே."